ஆல்டர்மியரில் வந்த தாய்மாமன்

தங்கமுத்துவுக்குப் புதுக்கோட்டையில் டிராக்டர் உதிரிபாகக் கடை. கடையை நடத்துவது அவன் மனைவி உண்ணாமலை. தங்கமுத்து கடைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் இருப்பான். "அண்ணன் இல்லீங்களா?" என்று யாராவது கேட்டால் உண்ணாமலை பில் போட்டபடியே பின்பக்கம் தலையைச் சாய்ப்பாள்.

"இருக்காரு. வெள்ளைக்காரன் செஞ்ச தப்பத் திருத்திக்கிட்டு இருக்காரு."

கொட்டகையில் ஒரு கார் நிற்கிறது. பெயர் ஆல்டர்மியர். இங்கிலாந்தில் 1928இல் செய்தது. நச்சாந்துபட்டிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டைப் பிரித்தபோது நிலை, கதவு, தூண் எல்லாவற்றையும் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். விறகுக்கு அடியில் கிடந்த இந்தக் காரைக் கேட்க ஆள் இல்லை. தங்கமுத்து அங்கே போனது ஒரு பழைய ஜெனரேட்டரைப் பார்க்க. போனவன் காரின் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஜெனரேட்டரை மறந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவனோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் அந்த எஞ்ஜினின் கதை தெரியும். பங்காளி வம்சத்தைச் சொல்வதுபோல் சொல்வான். அந்தக் காலத்துப் பணக்காரக் கார்களில் முதலில் நாலு சிலிண்டர்தான். சத்தம் தாங்கவில்லை என்று ஆறு ஆக்கினார்கள். சத்தம் போயிற்று. ஆனால் உள்ளே இருந்த கிராங்க் தண்டு நீளமாகி, ஈரத்துணி போல முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. முறுக்கத்தை அடக்க முனையில் ஒரு சின்னச் சக்கரம் மாட்டினார்கள். முறுக்கம் போய் வேகம் வந்தது. வேகம் வந்ததும் பிரேக் பற்றவில்லை. முன்சக்கரத்துக்கும் பிரேக் வைத்தார்கள். உடனே முன் அச்சு உதறியது.

"அப்பறம்?" என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். கேட்காவிட்டாலும் அப்பறம் உண்டு.

தங்கமுத்து பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவன். அவனுடைய கொள்கை ஒன்றுதான். அந்த எஞ்ஜினியர்கள் நல்லவர்கள், ஆனால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுச் செத்துப்போனார்கள். மீதியை யாராவது செய்ய வேண்டும்.

அந்தச் சின்னச் சக்கரத்தில் இருந்த பட்டை தேய்ந்து போயிருந்ததால், ஆல்டர்மியர் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வந்தால் உடம்பெல்லாம் நடுங்கும். முதல் தடவை ஏறிய உண்ணாமலை, "நிறுத்துங்க. வண்டிக்கு அருள் வந்துருச்சு" என்று வேப்பிலை தேடினாள். தங்கமுத்து நண்பன் மரியசெல்வத்தின் லேத் பட்டறையில் புதுச் சக்கரம் கடைந்து மாட்டினான். அதன் பிறகு எஞ்ஜின் ஓடும்போது பானெட்டின்மேல் டீ கிளாஸ் வைத்தால் டீ அசையாது. இதை நிரூபிக்க அவன் குடித்த டீக்கள் அதிகம்.

ஆறு வருஷத்துக்கு முன் தங்கச்சி வனிதாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஆல்டர்மியரைக் கொண்டுபோனான். அதுதான் வினை.

அந்தக் காரில் தண்ணீரைச் சுற்றிவிட பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே போகும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே வரும் என்று விட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் அது போதுமாக இருந்திருக்கும். புதுக்கோட்டையில் மே மாதம் ஆறிய தண்ணீர் என்று ஒன்று இல்லை. நாதஸ்வரக்காரர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்த கார் பாதி வழியில் கொதித்தது. மூடி பறந்து ஆவி பனைமர உயரத்துக்கு எழும்பியது. பெண்வீட்டார் ஏற்பாடு செய்த புகை அலங்காரம் என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் கை தட்டினார்கள். பிறகு துருத் தண்ணீர் மாப்பிள்ளை கோபிநாத்தின் பட்டுச் சட்டைமேல் தெளித்தது. கை தட்டல் நின்றது. மாப்பிள்ளை மண்டபத்துக்கு நடந்து போனார்.

வனிதா அண்ணனோடு ரொம்ப நாள் பேசவில்லை. இலக்கியா பிறந்த பிறகுதான் பேசினாள்.

இலக்கியாவுக்கு மூன்றரை வயதானபோது, நார்த்தாமலை அம்மன் கோயில் பக்கத்து மண்டபத்தில் காது குத்து என்று முடிவாயிற்று. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் இரண்டு பேர் இருந்தால் மூத்தவன் மடி. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் வனிதா கடைக்கு வந்தாள்.

"பெரியண்ணே, மடி ஒனக்குத்தான். அதுல பேச்சில்ல. ஆனா அந்த வண்டியில மட்டும் வராத."

"எந்த வண்டி?"

"ஆமா, பத்து வண்டி வச்சிருக்கியாக்கும்."

"மாமன் சீரு அதுலதான் வரும்" என்றான் தங்கமுத்து. "அன்னைக்குக் கொதிச்சது என் தப்பில்ல. பம்ப்பு இல்லாத தப்பு. இப்ப பம்ப்பு வைக்கப் போறேன்."

வனிதா அண்ணியைப் பார்த்தாள். உண்ணாமலை ஆயில் ஃபில்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "என்னையப் பாக்காத. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ" என்றாள்.

"அப்ப கேட்டுக்க" என்றாள் வனிதா. "வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி காது குத்தியாகணும். அந்த நேரத்துக்கு ஒன் மடி அங்க இல்லன்னா சின்னண்ணன் மடியில உக்கார வச்சுருவேன். சிங்கப்பூர்லேருந்து லீவு போட்டுட்டு வாரான்."

"மூத்தவன் இருக்கையில சின்னவன் மடியா?"

"மூத்தவன் இருந்தாத்தானே."

அவள் போன பிறகும் தங்கமுத்து கொட்டகைக்குப் போகவில்லை. தம்பி வசந்தகுமாருக்குச் சிங்கப்பூர் இருந்தது. ஊரில் மாடி வீடு இருந்தது. எல்லா விசேஷத்திலும் எல்லோரும் அவனைச் சுற்றித்தான் நின்றார்கள். தங்கமுத்துவிடம் மூத்தவன் என்ற ஒன்றுதான் இருந்தது. அதுவும் காது குத்து மாதிரியான நாட்களில்தான் செல்லும். பெண் பிள்ளை இல்லாதவன் வேறு. இரண்டும் பையன்கள், கோயம்புத்தூரில் படிக்கிறார்கள். இலக்கியா அவன் மடியில் உட்காரப்போவதைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. எஞ்ஜினைப் பற்றி மட்டும்தான் பேசுவான். உண்ணாமலைக்குத் தெரியும்.

"வாடகைக் கார்ல போவமே" என்றாள், வழக்கத்தைவிட மெதுவாக.

"வாடகைக் கார்ல யாரு வேணாலும் போகலாம்" என்றான் அவன்.

மரியசெல்வம் அதையே வேறு விதமாகச் சொன்னான். "மாப்ள, ஒரு கிழவிக்கு அலங்காரம் பண்ணி ஒலிம்பிக்குக்கு அனுப்புற." சொல்லிவிட்டு லேத்தைப் போட்டான். டிராக்டர் தண்ணீர் பம்ப் ஒன்றைக் கடைந்து சின்னதாக்கி, கிராங்க் முனையிலிருந்து பெல்ட் கொடுத்தார்கள். முன்னால் ஆறு இறக்கை விசிறி. பழைய எஞ்ஜினியர்களும் பின்னாளில் இதைத்தான் செய்தார்கள் என்று தங்கமுத்து சொன்னான். "அவங்க கல்யாணத்துல கொதிச்சுதா?" என்று மரியசெல்வம் கேட்டான்.

சோதித்துப் பார்க்க வேண்டும். ஊர்வல வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால்தான் தெரியும். ஸ்பீடோமீட்டரின் முள் பத்துக்குக் கீழே எதையும் ஒப்புக்கொள்ளாது. நடக்கிற எதற்காவது பின்னால்தான் போக வேண்டும். ஒரு மத்தியானம் மச்சுவாடி தாண்டி ஒரு ஆட்டு மந்தை போய்க்கொண்டிருந்தது. சரியான வேகம். தங்கமுத்து அதற்குப் பின்னால் காரை விட்டான்.

ஆட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். கார் முந்தவில்லை. ஆடுகளை இன்னும் ஒதுக்கினார். காரும் மெதுவாயிற்று. அவர் நின்றார். கார் நின்றது. நடந்தார். கார் நகர்ந்தது. எஞ்ஜின் சத்தமே இல்லாமல் பின்னால் ஒரு கார் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

"நீங்க போங்க. நாங்க இப்புடியே வாரோம்" என்றான் தங்கமுத்து ஜன்னலிலிருந்து.

"எதுக்கு வாரீங்க?"

"சும்மாதான். ஒங்க வேகம் நல்லாருக்கு."

ஆட்டுக்காரர் முன்சீட்டில் கூட இருந்த மரியசெல்வத்தைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். பின்சீட்டில் சீர் எடைக்குப் பதிலாக மணல் மூட்டைகள் சாக்கு போர்த்தி இருந்தன. அந்தப் பக்கம் ஆடு திருடுகிறவர்கள் இப்போதெல்லாம் காரில்தான் வருகிறார்கள். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு போனை எடுத்தார். சிறிது நேரத்தில் இரண்டு பைக்குகளில் நாலு பேர் வந்தார்கள். சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். மணல்.

"இது ஆட்டக் காட்டியும் பெரிய கேஸு" என்றான் ஒருவன். "மணல் கடத்துறாய்ங்க."

தங்கமுத்து இறங்கி பானெட்டைத் திறந்தான். பம்ப்பைக் காட்டினான். ஆறிய தண்ணீரின் கதையைச் சொன்னான். மாப்பிள்ளையின் பட்டுச் சட்டையைச் சொன்னான். அந்த இடத்தில் நாலு பேரும் சிரித்தார்கள். ஆட்டுக்காரர் சிரிக்கவில்லை. "தாய்மாமனா நீங்க? அப்ப சீருக்குக் கிடா வேணுமே" என்றார். கிடா பேசி முடிந்தது. அதன் பிறகு ஆட்டுக்காரர் முன்னால் நிம்மதியாக நடந்தார். தண்ணீர் கொதிக்கவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எஞ்ஜின் சூடாகவில்லை என்றதும் கொஞ்சம் விரட்டிப் பார்க்கலாமே என்று தோன்றியது. திருச்சி ரோட்டில் விரட்டினான். கார் நன்றாக ஓடியது. கூடவே எங்கோ மரம் முனகியது. கீழே படுத்துப் பார்த்தான். ஆல்டர்மியரின் சேசிஸ் ஒரு நீள ஏணி. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், குறுக்கே சில கம்பிகள். அந்தக் கம்பெனி எஞ்ஜினும் ஏணியும் மட்டும்தான் செய்து கொடுக்கும். மேலே உள்ள மரக் கூட்டை வேறொரு தச்சுக் கம்பெனி கட்டும். எஞ்ஜின் இழுக்கும்போது ஏணி வளைந்தது. மேலே கூடு முனகியது.

"இதுவும் அவங்களுக்கு வந்த பிரச்சினைதான்" என்றான் தங்கமுத்து சந்தோஷமாக. "எஞ்ஜினுக்குப் பலம் குடுத்தா சேசிஸுக்கும் குடுக்கணும்."

முன்பக்கம், எஞ்ஜின் உட்கார்ந்திருக்கும் இடத்தில், சட்டத்தின் உள்ளே கனத்த தகடு வைத்து ரிவெட் அடித்தார்கள். பின்பக்கம், சீர் ஏறும் இடத்தில், அதேபோல் இன்னொரு ஜோடி. முனகல் நின்றது. மரியசெல்வம் சேசிஸைத் தட்டிப் பார்த்து, "இதுல இப்ப பாலமே கட்டலாம்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் கடை வாசலில் உறவு கூடியது. மாமன் சீரில் தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். ஆகவே யாராவது ஒரு தட்டு கொண்டு வந்தால் இன்னொருவர் இன்னொன்று சேர்க்க வேண்டியிருந்தது. எண்ணி முடிக்கும்போது வேறு யாராவது வந்தார்கள். வெண்கல அண்டா வந்தது. அரிசி மூட்டை வந்தது. வாழைத்தார் வந்தது. மச்சுவாடிக் கிடா மாலை போட்டு வந்தது. நடந்து வரவேண்டிய கிடா நடக்க மறுத்ததால் முன்சீட்டில் வண்டி ஓட்டும் மரியசெல்வத்தின் பக்கத்தில் ஏற்றினார்கள். தங்கமுத்துவின் இரண்டு பெரியம்மாக்கள் வேனில் ஏறினால் வாந்தி வரும் என்று சொல்லிவிட்டு ஆல்டர்மியரில் ஏறினார்கள். அவர்களைத் தாண்டி இடது ஜன்னலோரம் தங்கமுத்து உட்கார்ந்தான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, தலைப்பாகை. உண்ணாமலை வேனில் வந்தாள்.

"மணல் மூட்டைக்கு இவ்வளவு வாய் இல்ல மாப்ள" என்றான் மரியசெல்வம், பெரியம்மாக்களின் பேச்சைக் கேட்டபடி கிளப்பிக்கொண்டே.

திருச்சி ரோடு முழுக்க கார் வழுக்கிக்கொண்டு போனது. நார்த்தாமலை பிரிவில் ஊர்வலம் சேர்ந்தது. வசந்தகுமார் முன்பே வந்து நின்றான். அவனுடைய வாடகைக் காரின் கூரையில் ஒரு திறப்பு இருந்தது. அதன் வழியாக இடுப்புவரை வெளியே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். மேலே டிரோன் சுற்றியது.

"அண்ணே, இது கொதிக்காதுல்ல?" என்று கூரையிலிருந்து கேட்டான்.

"நீ உள்ள ஒக்காரு. காக்கா கொத்திரும்" என்றான் தங்கமுத்து.

முன்னால் செண்டை மேளம். பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். அதற்கும் பின்னால் இரண்டு கார்கள். வழியெல்லாம் கூட்டம் கை காட்டியது. தங்கமுத்து யாரையும் பார்க்கவில்லை. முன்சீட்டுக்கு இடையில் கழுத்தை நீட்டி வெப்பமானியையே பார்த்துக்கொண்டு வந்தான். முள் நடுவில் நின்றது. வெயில் பாறைகளில் ஏறிக்கொண்டிருந்தது. முள் அசையவில்லை. மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது பத்தடிக்க ஐந்து நிமிடம். தங்கமுத்து கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தான். ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் மூச்சு விட்டான் என்று மரியசெல்வம் பிறகு சொன்னான்.

வாசலில் சமமான இடத்தை வசந்தகுமாரின் கார் பிடித்துக்கொண்டது. மரியசெல்வம் ஆல்டர்மியரைப் பக்கத்தில் விட்டான். அங்கே தரையிலிருந்து பாறை முதுகு காட்டியிருந்தது. முன்பக்கம் ஒரு சக்கரம் அதன்மேல் ஏறி நின்றது.

தாய்மாமன் தானாக இறங்கக்கூடாது. தங்கை ஆரத்தி எடுத்து அழைத்த பிறகுதான் காலை வெளியே வைக்க வேண்டும். வனிதா ஆரத்தித் தட்டோடு வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அண்ணன் நேரத்துக்கு வந்துவிட்டான். மூன்று சுற்று சுற்றி, "வாண்ணே" என்றாள்.

தங்கமுத்து கைப்பிடியைத் திருப்பினான். கதவு திறக்கவில்லை.

தோளால் தள்ளினான். வனிதா, சுற்று பற்றவில்லை போல என்று இன்னொரு தடவை சுற்றினாள். தங்கமுத்து மறுபடி தள்ளினான். பெரியம்மாக்கள் அவனைத் தள்ளினார்கள். வெளியிலிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள். வீடியோக்காரர், "மாமா, இறங்குறப்ப இங்கிட்டு பாத்து இறங்குங்க" என்றார். வனிதா சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"என்ன?" என்றாள் பல்லைக் கடித்தபடி.

"ஒண்ணுமில்ல. சுத்து."

வலது கதவும் திறக்கவில்லை. முன்கதவுகளும் திறக்கவில்லை. மரியசெல்வம் ஒல்லி. கண்ணாடியை இறக்கி ஜன்னல் வழியாக வெளியே நழுவினான். அவன் பின்னாலேயே கிடாவும் ஒரு தாவில் வெளியே வந்து மாலையைத் தின்ன ஆரம்பித்தது.

"அண்ணே, கிடாயே வந்துருச்சு" என்றான் வசந்தகுமார்.

உண்ணாமலை தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "நீங்களும் அப்புடியே வாங்க."

தங்கமுத்து ஜன்னலைப் பார்த்தான். தன் வயிற்றைப் பார்த்தான். டிரோனைப் பார்த்தான். "தாய்மாமன் சன்னல் வழியா வரமாட்டான்" என்றான்.

மரியசெல்வம் காருக்கு அடியில் போய்விட்டு மண்ணோடு எழுந்தான். ஜன்னலருகே வந்து தாழ்ந்த குரலில் பேசினான்.

"மாப்ள, முன்னாடி தகடு வச்சோம். சரியா?"

"ஆமா."

"பின்னாடி வச்சோம்."

"ஆமா."

"நடுவுல?"

"நடுவுல எதுக்கு? அங்கதான் எடையே இல்லையே."

"அங்கதான் மாப்ள கதவு இருக்கு."

தங்கமுத்துவுக்கு அது உடனே புரிந்தது. முன்னும் பின்னும் விறைத்துக்கொண்டதால் வளைய வேண்டியதெல்லாம் நடுவில் வந்து வளைந்திருக்கிறது. உள்ளே ஊர்ச் சீர், கீழே பாறை. ஏணி முறுக்கி, கதவு அதன் சட்டத்துக்குள் கடித்துக்கொண்டுவிட்டது. அவன் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. "அட, ஆமா. அதுக்குத்தான் அவங்க அப்பறமா நடுவுல எக்ஸ் மாதிரி குறுக்குச் சட்டம்…"

"ஏங்க" என்றாள் உண்ணாமலை.

அவன் நிறுத்தினான்.

"ஜாக்கி போட்டு நடுவத் தூக்கினா தொறந்துரும்" என்றான் மரியசெல்வம். "ஜாக்கி எங்க?"

ஜாக்கி பின்சீட்டுக்கு அடியில் இருந்தது. சீட்டின்மேல் பெரியம்மாக்கள் இருந்தார்கள். அவர்கள்மேல் அண்டாவும் அரிசியும் சாய்ந்திருந்தன.

"அப்ப லேசா ரிவர்ஸ் எடுக்குறேன். பாறைய விட்டு எறங்குனாப் போதும்."

"ஆரு அது ரிவர்ஸு?" என்றது உள்ளேயிருந்து மூத்த பெரியம்மாவின் குரல். "ஆரத்தி எடுத்த சீரு பின்னுக்குப் போறதா? வெளங்குமா அந்தப் புள்ள?"

"ஒரு அடிதான் ஆத்தா."

"அரை அடி போனாலும் போனதுதான். முன்னுக்குப் போ."

முன்னால் மண்டபத்துப் படி இருந்தது. மரியசெல்வம் தங்கமுத்துவைப் பார்த்தான். பெரியம்மா சொன்னதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று தங்கமுத்துவுக்கே தெரியாது. ஆனால் இலக்கியாவின் விஷயத்தில் சோதித்துப் பார்க்க முடியாது. தலையை ஆட்டி வேண்டாம் என்றான்.

பத்து இருபது ஆயிற்று. நாலைந்து பேர் காரைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மண்டபத்துக்குள் காது குத்துகிற ஆசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வசந்தகுமார் இலக்கியாவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தான்.

"அண்ணே, தப்பா நெனக்காத. நேரம் போகுது. நான் மடி குடுக்குறேன். நீ உள்ள இருந்தே ஆசீர்வாதம் பண்ணு. வீடியோவுல ரெண்டையும் சேத்துருவாங்க."

தங்கமுத்து வனிதாவைப் பார்த்தான். அவள் கடைக்கு வந்து சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. அவளுக்கும் இருந்தது. அவன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"சொன்னது சொன்னதுதான்" என்றான். "நேரத்துக்கு மடி வரல. கொண்டு போ."

வனிதா ஆரத்தித் தட்டை உண்ணாமலையிடம் கொடுத்தாள். சின்ன அண்ணனிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கினாள்.

"மடி வந்துருச்சு. எறங்கத்தான் இல்ல" என்றாள். பிள்ளையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தாள். "ஆசாரிய்யா, இங்க வாங்க."

"எங்கம்மா?"

"கார்ப் படியில ஏறி நில்லுங்க."

ஆசாரி எத்தனையோ இடங்களில் காது குத்தியவர். ஃபுட்போர்டில் நின்று குத்தியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பெண் பிள்ளைக்கு இடது காது முதலில். இடது காது ஜன்னல் பக்கமாகவே இருந்தது. ஆனால் கூட்டுக்குள் இருட்டு.

"வெளிச்சம் பத்தாது."

எல்லோரும் வசந்தகுமாரைப் பார்த்தார்கள். அவன் கையில்தான் பெரிய போன் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு ஆசாரியின் கைக்கு அடியில் குனிந்து, அண்ணனின் மடியில் வெளிச்சம் அடித்தான்.

இலக்கியா தங்கமுத்துவின் மடியில் அந்நியமாக உட்கார்ந்திருந்தாள். அவள் எடை அவன் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. அவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. "இதுல ஆறு சிலிண்டர் பாப்பா" என்றான். அவள் "ஆறு எங்க?" என்று பானெட் பக்கம் திரும்பினாள். ஆசாரி குத்திவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அலறல் வந்தது. அதன் அளவைக் கேட்டுப் பெரியம்மாக்கள் முதல்முறையாக வாயை மூடினார்கள். வலது காதுக்காக ஆசாரி, "பிள்ளையத் திருப்பி உக்கார வைங்க" என்றார். திருப்புகிற நேரத்தில் இலக்கியா ஜன்னல் வழியாகப் பாய்ந்தாள். வெளியே முதலில் கிடைத்தது வசந்தகுமாரின் கழுத்து. அதைக் கட்டிக்கொண்டாள். பிரிக்க முடியவில்லை. தங்கமுத்து கையை நீட்டினான். அவள் காலை உதறினாள்.

"நாலு நிமிஷம் இருக்கு" என்றார் ஆசாரி. "தம்பி, அப்புடியே உக்காருங்க."

"எங்க?"

"எங்கயாச்சும்."

வசந்தகுமார் ஆல்டர்மியரின் ஃபுட்போர்டில் உட்கார்ந்தான். முதுகை அண்ணனின் கதவில் சாய்த்தான். பிள்ளை திமிறியது. ஜன்னலிலிருந்து ஒரு கை இறங்கி அவள் தலையைப் பிடித்து அசையாமல் வைத்தது. ஆசாரி வலது காதையும் குத்தினார். பத்தரை.

கூட்டம் சாப்பிடப் போயிற்று. ஒவ்வொருவராகக் கை மாற்றி அண்டாவையும் அரிசியையும் ஜன்னல் வழியாக வெளியே எடுத்தார்கள். பெரியம்மாக்களை எழுந்து குனியச் சொல்லி, மரியசெல்வம் சீட்டுக்கடியிலிருந்து ஜாக்கியை உருவி நடுவில் போட்டுத் தூக்கினான். கதவு ஒரு பெருமூச்சோடு தானாகத் திறந்துகொண்டது. பெரியம்மாக்கள் வலது பக்கமாக இறங்கிப் பந்திக்குப் போனார்கள். தங்கமுத்துவும் காலை எடுத்தான்.

"வைக்காத" என்றாள் மூத்த பெரியம்மா திரும்பி நின்று. "ராகுகாலம். தாய்மாமன் வாசல்ல கால் வைக்குற நேரமா இது? பன்னெண்டுக்கு மேல எறங்கு."

"நீங்க எறங்குனீங்க?"

"நான் தாய்மாமனா?"

ஆகவே தங்கமுத்து கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். உண்ணாமலை இலையில் சோறு கொண்டு வந்து கொடுத்தாள். "கொதிக்கல" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய வார்த்தை. அவன் சாப்பிட்டான்.

கொஞ்ச நேரத்தில் வசந்தகுமார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் மண்டபத்தைப் பார்த்தார்கள்.

"மொதக் காது என் மடியில" என்றான் தங்கமுத்து.

"முடிச்சது என் மடியில."

"மொதக் காதுதான் கணக்கு."

"ஒரு காதோட விட்டுருந்தா அதுக்குப் பேரு காது குத்தாண்ணே? முடிச்சவன்தான் தாய்மாமன்."

"உக்காந்தது எங்க? என் வண்டியில."

"வெளியில."

"ஃபுட்போர்டும் சேசிஸுலதான் மாட்டியிருக்கு."

வசந்தகுமார் குனிந்து ஃபுட்போர்டுக்கு அடியில் பார்த்தான். வனிதா பந்தியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் சண்டை போடுறதா இருந்தா அடுத்த பிள்ளைக்குப் போடுங்க" என்றாள். அடுத்த பிள்ளையா என்று இருவரும் கோபிநாத்தைத் தேடினார்கள். அவர் ஆல்டர்மியரிலிருந்து தள்ளி, பந்தியின் கடைசி இலையில் இருந்தார்.

இலக்கியா வந்தாள். காதுகள் சிவந்து, இரண்டிலும் தங்கம். கையில் பாதி லட்டு. அழுகை நின்றிருந்தது. படியில் ஏறித் திறந்த கதவுக்குள் நின்றாள். பெரிய மாமன் மடியைத் தட்டி, "வா பாப்பா" என்றான். சின்ன மாமனும் தன் மடியைத் தட்டினான்.

இலக்கியா அந்த மடியைப் பார்த்தாள். இந்த மடியைப் பார்த்தாள். மடியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். முன்சீட்டுக்கு ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.